ஓலை, துணி, நூல்: என் கைவேலைகளின் கதை

ஒரு கைவேலையைச் சிறுவயதில் பழகிக்கொண்டு அதையே ஆயுள் முழுவதும் செய்வதுதான் முறை என்று எம்மில் பலர் எண்ணுகிறோம். தையல்காரி என்றால் தையல், பாய் இழைப்பவள் என்றால் பாய். ஆனால் யுத்தத்தால் இடம்பெயர்ந்த பெண்களுக்கு அப்படி ஒரே இடத்தில் ஒரே வேலையோடு இருக்கும் வாழ்வு கிடைக்கவில்லை. பனை நின்ற ஊரை விட்டுத் தென்னை நின்ற ஊருக்குப் போனோம். ஓலை கிடைக்காத இடத்தில் துணி கிடைத்தது. துணியும் முடிந்த போது நூல்தான் மிஞ்சியது. ஒவ்வோர் இடத்திலும் கைக்கு எட்டிய பொருள் வேறு, ஆகவே செய்த வேலையும் வேறு.

எனக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. இந்த வயதுக்குள் ஐந்து வகைக் கைவேலைகளைக் கற்றிருக்கிறேன். உறவினர்கள் இதைக் குறையாகத்தான் சொல்வார்கள். "இவள் ஒன்றிலயும் நிலைக்க மாட்டாள், தாவித் தாவிப் போவாள்" என்பது எங்கள் வீட்டில் பழகிப்போன பேச்சு. பயிற்சி நெறிகளுக்குப் பெயர் பதியப் போனாலும் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ஒரு சொல் எழுதுவதற்குத்தான் இடம் இருக்கும். பல வேலைகளைத் தொட்டதால் நான் இழந்தது என்ன, பெற்றது என்ன என்பதைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஊரும் ஓலையும்

சிலாவத்துறை மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரிவில் உள்ள கரையோர ஊர். சிலாபத்துறை என்றும் எழுதுவார்கள். முத்துக்குளிப்பைச் சலாபம் என்று சொல்வது பழைய வழக்கு. எமது ஊருக்கும் அரிப்புக்கும் எதிரே கடலில் முத்துச்சிப்பிப் படுகைகள் இருந்தன. முஸ்லிம்களும் கத்தோலிக்கர்களும் அருகருகே வாழ்ந்த கரை இது. ஆண்கள் கடலுக்கும் வயலுக்கும் போவார்கள். பெண்களின் கையில் ஓலை இருக்கும்.

எனக்கு ஓலை பழக்கியவர் என் உம்மம்மா. விரியாத குருத்தோலையை வெட்டி, வெயிலில் காய வைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து எடுப்பதுதான் முதற் பாடம். இழைப்பதை விட வார்வது கடினம். வார்ந்த ஓலை ஒன்றுக்கொன்று நெல்லளவு வித்தியாசப்பட்டாலும் பெட்டி கோணிவிடும். சாயம் போட வேண்டிய ஓலையைக் கொதிக்கும் சாயத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து நிழலில் உலர்த்துவோம். சோளகக் காற்றுக் காலத்தில் ஓலை முறுகிப் போய் உடையும். அந்த நாட்களில் விடியற்காலையிலும் மாலை மங்கிய பின்னரும்தான் உம்மம்மா இழைப்பார். பகலில் இழைக்க நேர்ந்தால் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவார்.

சுளகு, கடகம், பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி, வெற்றிலை வைக்கும் கொட்டைப்பெட்டி, தொழுகைக்குரிய சிறு பாய் எல்லாம் வீட்டிலேயே ஆகும். விற்பது குறைவு. கல்யாண வீட்டுக்குப் பெட்டி கொடுப்பதும், பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தடுக்கு கொடுப்பதும் வழக்கம். கைவேலை என்ற பெயரே அப்போது எங்களுக்குத் தெரியாது. சமையலைப் போல அதுவும் வீட்டு வேலைகளில் ஒன்று.

தென்னங்கிடுகு

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர் தமது மண்ணை விட்டுப் போனார்கள். எனக்கு அப்போது வயது 14. மறிச்சுக்கட்டி வழியாகக் காட்டுப்பாதையில் தெற்கே போய் நாங்கள் சேர்ந்த இடம் புத்தளம். உம்மம்மா வழியில் எடுத்துவந்த பொருள்களில் ஓலை வாரும் சிறு கத்தியும் ஒன்று. முகாமில் அந்தக் கத்திக்கு வேலை இருக்கவில்லை. நாங்கள் இருந்த பக்கம் பார்த்த இடமெல்லாம் தென்னை.

தங்குவதற்குக் கொட்டில் வேண்டும், கொட்டிலுக்குக் கிடுகு வேண்டும். ஆகவே கிடுகு பின்னப் பழகினோம். பனையோலை விசிறி போல ஒரே இடத்திலிருந்து விரிவது. தென்னோலையோ நடுமட்டையின் இருபுறமும் கீற்றுக் கீற்றாகப் போவது. அதை மட்டையோடு இரண்டாகப் பிளந்து, சில நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, கீற்றுகளை ஒன்று விட்டு ஒன்றாகக் கோத்துப் பின்ன வேண்டும். உம்மம்மாவின் கை முதல் நாள் தடுமாறியது. மூன்றாம் நாள் அந்தத் தோட்டத்துப் பெண்களின் வேகத்துக்கு அவர் பின்னினார். மேலே ஒன்று, கீழே ஒன்று என்ற கணக்கு இரண்டு ஓலைக்கும் பொது என்று எங்களிடம் சொன்னார்.

பிறகு எண்ணிக்கைக் கூலிக்குக் கிடுகு பின்னினோம். அழகு பார்க்க நேரம் இல்லாத வேலை அது. ஆனாலும் கையை வேகமாக்கியது அந்த வேலைதான். முகாம் வாழ்வின் முதல் இரண்டு வருடங்களில் எமது வீட்டுக்கு வந்த பணத்தில் பெரும்பங்கு கிடுகில் வந்தது.

நிவாரணத் துணி

முகாமுக்குப் பழைய துணி மூட்டைகள் வரும். அளவு பொருந்தாத சட்டைகள், ஒரு கால் கிழிந்த காற்சட்டைகள், கறை படிந்த சேலைகள் எல்லாம் கலந்திருக்கும். உடுக்க முடியாதவற்றை எறிய மனம் வரவில்லை. நல்ல பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்து, சதுரமும் முக்கோணமுமாக ஒட்டி, பிள்ளைகளுக்குப் படுக்கை விரிப்புத் தைத்தோம். எங்களிடம் தையல் இயந்திரம் இருக்கவில்லை, எல்லாம் கைத்தையல்.

நிறத்தைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது இந்த வேலையில்தான். ஓலையில் எமக்கு இருந்தவை சிவப்பு, பச்சை, ஊதா என்று மூன்று நான்கு சாயங்கள். துணியிலோ நூறு நிறம். கறுப்புத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் மங்கல் மஞ்சளும் ஒளிரும் என்பதும், ஒரே நிறத்துத் துண்டுகளை விரிப்பில் தூரத் தூர வைத்தால் கண் அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் என்பதும் செய்து பார்த்து அறிந்தவை. பக்கத்துக் கொட்டில் சகோதரி ஒருவர் தன் வீட்டார் உடுத்த துணிகளில் இருந்து மட்டும் ஒரு விரிப்புத் தைத்தார். அதில் இறந்துபோன தன் மகனின் சட்டைத் துண்டை நடுவில் வைத்திருந்தார். அந்த விரிப்பை அவர் யாருக்கும் விற்கவில்லை.

பழைய துணியில் தைப்பது உலகின் பல நாடுகளில் பெண்களுக்குத் துணையாக இருந்திருக்கிறது. வங்காளத்துப் பெண்கள் கிழிந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஓட்டுத் தையலால் பூவும் கொடியும் போட்டுக் காந்தா விரிப்புச் செய்வார்கள். 1971 யுத்தத்துக்குப் பிறகு பங்களாதேஷில் இந்தப் பழைய வேலை பல பெண்களுக்கு வருமானம் தரும் தொழிலாயிற்று. பிராக் என்ற நிறுவனம் 1978 இல் தொடங்கிய ஆரோங் கடைகள் இன்றும் கிராமத்துப் பெண்களின் கைவேலைகளை விற்கின்றன. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் 1973 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின்னர் பலர் காணாமற் போனார்கள். அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத் துணியில் சிறு துணித் துண்டுகளை ஒட்டித் தைத்து, தமக்கு நடந்ததைப் படமாக்கினார்கள். அர்ப்பியேரா எனப்படும் அந்தத் துணிப்படங்கள் தேவாலய அமைப்பு ஒன்றின் உதவியோடு வெளிநாடுகளுக்குப் போய் விற்பனையாகின. வாயால் சொல்ல முடியாததை அவர்கள் ஊசியால் சொன்னார்கள், அதே வேலையால் வீட்டுக்கு அரிசியும் வாங்கினார்கள்.

ஒரு ஊசி, ஒரு பந்து நூல்

துணி மூட்டைகள் குறைந்துபோன காலத்தில் குரோசே பழகினேன். கல்யாணமாகி முதற் பிள்ளை பிறந்திருந்த நேரம். ஓலைக்கு முற்றம் வேண்டும், தைப்பதற்கு வெளிச்சம் வேண்டும். கொக்கி ஊசியும் நூற்பந்தும் இருந்தால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே பின்னலாம், கிளினிக் வரிசையில் இருந்தும் பின்னலாம். கற்றுத்தந்தவர் புத்தளத்து ஆசிரியை ஒருவர்.

குரோசேயில் எல்லாம் எண்ணிக்கைதான். நடுவில் 6 கண்களோடு தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் 6 கண்களைக் கூட்டிக்கொண்டு போனால் தட்டையான வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்தினால் விளிம்பு தானாக வளைந்து கிண்ணம் போல ஆகும். ஆண்கள் தொழுகைக்கு அணியும் நூல் தொப்பி இப்படித்தான் உருவாகிறது. இதைச் செய்யும் போது எனக்கு உம்மம்மாவின் பெட்டிகள் புரிந்தன. அடியை இழைத்து முடித்த பின்னர் ஓலைகளை மடக்கி மூலை எழுப்புவார். தட்டையான ஒன்றைப் பாத்திரமாக்கும் இடம் அது. ஓலையில் கை தானாகச் செய்ததை நூலில் எண்ணிப் பார்த்து விளங்கிக்கொண்டேன்.

தொப்பிகள் விற்றேன். நோன்புப் பெருநாள் நெருங்கும் மாதங்களில் நல்ல விற்பனை இருந்தது. அயர்லாந்தில் 1845 இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் குரோசே லேஸ் பின்னிக் குடும்பத்தைக் காத்தார்கள் என்று பிறகு வாசித்தேன். முதலீடு இல்லாத பெண்ணுக்கு இந்த வேலை கைகொடுப்பதற்குக் காரணம் எளிது. கருவி சிறியது, வேலையை எந்த நிமிடத்திலும் நிறுத்தலாம், விட்ட இடத்தில் தொடரலாம்.

மொழி தெரியாத ஒரு வீட்டில்

பன் பாய் கற்றது சிங்களப் பெண்மணி ஒருவரிடம். புத்தளத்துக்கு அப்பால் குளத்தோரக் கிராமம் ஒன்றில் அவர் இருந்தார். கணவர் அங்கே செங்கல் சூளையில் வேலை செய்த ஆறு மாதங்கள் நான் அவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கும் அப்போது சிங்களம் வராது. அவர் செய்வார், நான் பார்ப்பேன். பிழையாகப் போனால் என் விரலைப் பிடித்துத் திருப்பி வைப்பார்.

பன் என்பது சதுப்பிலும் குளக்கரையிலும் வளரும் புல். அறுத்துக் காய வைத்து, சாயம் வேண்டியதைச் சாயத்தோடு அவித்து எடுப்பார்கள். சிவப்புக்குப் பதங்கிக் கட்டையும் மஞ்சளுக்கு மரமஞ்சளும் அந்தக் காலத்து முறை. அவர் இரண்டையும் எனக்குக் காட்டினார். கடைச் சாயத்தைப் போலப் பளிச்சென்று இராது, ஆனால் இரண்டு நிறமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். பாயில் இரண்டு விட்டு இரண்டாகக் கோத்தால் சரிவுக் கோடுகள் வரும். அந்தக் கோட்டை நடுவில் திருப்பினால் அலை போல வளையும். கோடு திரும்பும் இடத்தை நாமே தீர்மானிக்கலாம் என்பதுதான் அங்கு நான் கற்ற பெரிய விடயம்.

எமக்கு எதிர்க்கரையில் தமிழ்நாட்டின் பத்தமடையிலும் முஸ்லிம் பெண்கள் கோரைப்புல்லில் பாய் நெய்கிறார்கள். கோரையை மிக மெல்லியதாகக் கிழித்துப் பருத்தி நூற்பாவில் நெய்யும் அந்தப் பாய் துணி போல மடியும். பத்தமடைப் பாய்க்கு இந்தியாவில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதாவது அந்த ஊரின் பெயரை வேறெவரும் தமது பாய்க்கு வைக்க முடியாது. ஒரு கைவேலைக்கு ஊரின் பெயர் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அது காட்டுகிறது.

மீண்டும் சிலாவத்துறையில்

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு எமது பகுதிக்குச் சில குடும்பங்கள் திரும்பின. 2007 இல் மீண்டும் சண்டை வந்து அவர்கள் மறுபடியும் இடம்பெயர்ந்தார்கள். யுத்தம் 2009 இல் முடிந்த பின்னர்தான் நாங்கள் வந்தோம். இருபது வருடங்களில் வளவுகள் காடாகியிருந்தன. வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். ஊர்க் காணியில் ஒரு பகுதி கடற்படை முகாமுக்குள் அகப்பட்டிருந்தது. பனைகளில் பல தலையில்லாமல் நின்றன. உம்மம்மா திரும்பி வரவில்லை. அவர் புத்தளத்து மண்ணில் அடங்கியிருக்கிறார். கத்தி மட்டும் என்னோடு வந்தது.

ஓலை வேலையை மறுபடி தொடங்க நினைத்த போது ஒரு பெரிய இடைவெளி தெரிந்தது. என் வயதுப் பெண்களுக்குச் சிறுவயதில் பார்த்த ஞாபகம் மட்டும் இருந்தது. முகாமில் பிறந்த எமது பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. எனக்கும் கடகத்தின் விளிம்பை நார் கொண்டு பொத்தும் முறை மறந்துபோயிருந்தது. அரிப்புப் பக்கத்துக் கத்தோலிக்கத் தாய் ஒருவர் அதை எனக்கு மறுபடி காட்டினார். அவரும் பல தடவை இடம்பெயர்ந்தவர்தான். எங்கள் உம்மம்மாமார் பெருநாளைக்கும் நத்தாருக்கும் பெட்டியில் பலகாரம் வைத்து மாற்றிக்கொண்ட காலத்தை அவர் இன்னும் நினைவில் வைத்திருந்தார். என் மூத்த மகளையும் அவரிடம் உட்கார வைத்தேன்.

அந்த வருடங்களில் பயிற்சி நெறிகள் பல வந்தன. ஒரு நிறுவனம் இருபது பெண்களுக்கு ஒரே அளவில், ஒரே வடிவில் பை இழைக்கக் கற்பித்தது. பத்து நாள் பயிற்சி, சான்றிதழ், புகைப்படம். பிறகு இருபது பேரும் ஒரே பையோடு ஒரே சந்தைக்குப் போனோம். எவருடைய பையும் விலை போகவில்லை. கற்பித்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் எமக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று அங்கு எவரும் கேட்கவில்லை.

சிப்பி விளிம்பு

குரோசேயில் ஒரு பின்னல் உண்டு. ஒரே கண்ணுக்குள் ஐந்து நீளக் கண்களைப் போட்டால் விசிறி போல விரியும். பார்ப்பதற்குச் சிப்பி போல இருப்பதால் சிப்பிப் பின்னல் என்று சொல்வோம். தொப்பியின் ஓரத்துக்குப் பலமுறை போட்டிருக்கிறேன். ஒருநாள் ஓலைப்பை ஒன்றின் விளிம்பு பிசிறடித்துக் கையைக் குத்தியது. அதை மறைப்பதற்கு விளிம்பில் ஊசியால் துளையிட்டு, நூல் கோத்து, அதன்மேல் சிப்பிப் பின்னலைப் போட்டேன். முத்துச்சிப்பிக் கரையில் இருந்துகொண்டு ஓலைப்பையின் வாயைச் சுற்றிச் சிப்பி வரிசை வைத்திருக்கிறேன் என்பது, முடித்துவிட்டுப் பார்த்த போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பையின் உடம்பில் பன் பாயின் அலைக்கோடு வந்தது. உள்ளே துண்டுத்துணி ஒட்டிய உறை வந்தது. சாயத்தில் கடைச் சிவப்பை விட்டுவிட்டுப் பதங்கிச் சிவப்பையும் மரமஞ்சளையும் எடுத்தேன். வேகம் கிடுகில் வந்த வேகம். நான் தாவித் தாவிப் போனதாகச் சொல்லப்பட்ட ஐந்து வேலைகளும் அந்த ஒரு பையில் வந்து உட்கார்ந்துவிட்டன.

இப்படி ஓலையோடு நூலைச் சேர்ப்பது புதுமை என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டின் செட்டிநாட்டில் பனையோலைக் கொட்டான்களை நூல்வேலையாலும் மணிகளாலும் அலங்கரிக்கும் வழக்கம் முன்பே இருந்தது. மறைந்துபோகவிருந்த அந்த வேலையை அங்குள்ள ஓர் அறக்கட்டளை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்தது. ஒவ்வோர் ஊரும் தன்னிடம் இருப்பதைச் சேர்க்கிறது. எமது ஊரிடம் சிப்பி இருந்தது.

மணித்தியாலக் கணக்கு

ஆறு பெண்கள் சேர்ந்து இந்தப் பையைச் செய்யத் தொடங்கினோம். நால்வர் முஸ்லிம்கள், இருவர் தமிழர்கள். ஒரு வியாபாரி வந்து பார்த்தார். சிப்பி விளிம்போடு 100 பைகள் வேண்டும், எல்லாம் ஒரே நிறம், ஒன்றுக்கு 1,000 ரூபா தருவேன் என்றார். நூறு பை என்றால் ஒரு இலட்சம் ரூபா. எங்களில் ஒருவருக்குப் படகுக் கடன் இருந்தது. இன்னொருவருக்கு மகளின் உயர்தரப் பரீட்சை வகுப்புச் செலவு. உடனே சம்மதிக்க வேண்டும் என்று இருவர் நின்றார்கள்.

நாங்கள் பாடசாலைக் கொப்பி ஒன்றை எடுத்து எழுதிப் பார்த்தோம். ஒரு பைக்கு ஓலை 250 ரூபா, சாயம் 60, உட்துணி 200, நூல் 140. பொருள் மட்டும் 650 ரூபா. பிறகு நேரத்தை எழுதினோம். ஓலை வார்ந்து சாயம் போட 2 மணித்தியாலம், இழைக்க 6, சிப்பி விளிம்புக்கு 3, உட்துணிக்கு 1. மொத்தம் 12. வியாபாரி தரும் 1,000 ரூபாவில் பொருட்செலவு போக மிஞ்சுவது 350. அதை 12 ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 29 ரூபா. கொப்பியைப் பார்த்து எவரும் பேசவில்லை.

எங்கள் கரையின் பழைய சலாபத்தைப் பற்றி ஒரு தகவல் உண்டு. எமக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் 1905 இல் நடந்த முத்துக்குளிப்பில் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூச்சடக்கிக் கடலடிக்குப் போன குளிகாரருக்கு அவற்றில் மூன்றில் ஒரு பங்கு, மிகுதி ஆங்கிலேய அரசுக்கு. எமது கணக்கில் பெண்களுக்கு மிஞ்சியதும் ஏறத்தாழ அந்த மூன்றில் ஒரு பங்குதான் என்று ஒரு சகோதரி சொன்னார். கடையில் அந்தப் பை விற்கப்போகும் விலையோடு ஒப்பிட்டால் அதுவும் இல்லை.

மணித்தியாலத்துக்கு 150 ரூபா என்று எங்களுக்குள் தீர்மானித்தோம். 12 மணித்தியாலத்துக்கு 1,800, பொருளுக்கு 650, பழுதாகும் ஓலைக்கும் பஸ் கூலிக்குமாகப் பத்தில் ஒரு பங்கு 245. ஆக 2,695 ரூபா. விளிம்பும் உட்துணியும் இல்லாத சாதாரணப் பைக்கு இதே கணக்கில் 1,661 ரூபா வந்தது. இரண்டு விலையையும் வியாபாரிக்குச் சொன்னோம். சிப்பிப் பையை அவர் வாங்கவில்லை. சாதாரணப் பையில் 30 எடுத்தார். ஒரே நிறம் என்ற நிபந்தனைக்கு நாங்களும் சம்மதித்தோம்.

இதை முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். படகுக் கடன் இருந்த சகோதரி காத்திருக்க முடியாமல் கூலி வேலைக்குப் போய்விட்டார். அவருடைய நிலையில் எவரும் அதைத்தான் செய்வார்கள். சிப்பிப் பைகளைக் கண்காட்சிகளில் மெதுவாகத்தான் விற்றோம். ஆனால் வாங்குபவர்கள் விளிம்பைத் தொட்டுப் பார்த்து இது எந்த ஊர் வேலை என்று கேட்கிறார்கள். சிலாவத்துறை என்று சொல்கிறோம். பயிற்சி நெறியில் செய்த பைக்கு எவரும் அப்படிக் கேட்டதில்லை.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு

எனது அனுபவத்திலிருந்து சில குறிப்புகளைத் தருகிறேன்.

முதலில், உங்களுக்கு ஏற்கனவே தெரிந்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கிடுகு, கோலம், பலகாரத்துக்கு அச்சு வெட்டுவது, மீன்வலை முடிவது, பிள்ளைகளின் உடுப்பைப் பொத்துவது எல்லாவற்றையும் எழுதுங்கள். இவற்றைக் கைவேலை என்று எவரும் சொல்லாததால் நாமும் எண்ணுவதில்லை. புதிய வேலைக்குரிய விதை பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

பொருளை அருகில் தேடுங்கள். தூரத்திலிருந்து வாங்கும் பொருளின் விலையும் வரவும் நம் கையில் இல்லை. ஓலை வேலை செய்பவர்கள் ஒரே மரத்தில் தொடர்ந்து குருத்து வெட்ட வேண்டாம், மரம் நலியும். பல மரங்களில் மாற்றி மாற்றி எடுங்கள். இடமிருந்தால் மாரிக்கு முன் பனங்கொட்டைகளைப் புதையுங்கள். அந்த மரத்தில் ஓலை வெட்டப்போவது எமது பேரப்பிள்ளைகளாக இருக்கலாம்.

மழைக்காலத்தில் ஓலைப் பொருள்களில் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாக உலராத ஓலையில் இழைக்காதீர்கள். செய்த பொருளைப் பொலித்தீனில் மூடிக் கட்டாமல் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள்.

நேரத்தை எழுதுங்கள். தொடங்கிய மணியும் முடித்த மணியும் கொப்பியில் இருக்கட்டும். சமையலுக்கு எழுந்த நேரத்தைக் கழித்துவிடுங்கள். விலை கேட்பவர் முன்னால் அந்தக் கொப்பி பேசும். குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டிய நாளும் வரும். அன்று எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

தனியே நிற்க வேண்டாம். ஊரில் உள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சேருங்கள். 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய அருங்கலைகள் பேரவையும் பனை வேலைக்கும் கைப்பணிக்கும் என்று இருக்கும் அரச அமைப்புகள். பயிற்சி, பதிவு, கண்காட்சி, போட்டி பற்றிய விபரங்களைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம். பயிற்சிக்குப் போகும் போது உங்கள் பழைய வேலைகளில் இரண்டு மூன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்கள் வெறுங்கையோடு வரவில்லை என்பதைக் கற்பிப்பவரும் அறியட்டும்.

கடைசியாக, முதிய பெண்களிடம் போங்கள். அவர்கள் எந்தச் சமயமானாலும் எந்த மொழி பேசினாலும் போங்கள். நான் கற்ற ஐந்து வேலைகளில் ஒன்றுதான் என் வீட்டில் கிடைத்தது. மற்றவை தோட்டத்துப் பெண்களிடமும் முகாமின் அயலவரிடமும் ஓர் ஆசிரியையிடமும் சிங்களப் பெண்மணியிடமும் கிடைத்தவை. மறந்ததை மீட்டுத் தந்தவர் கத்தோலிக்கத் தாய். யுத்தம் எங்களைப் பிரித்து வைத்த அந்த வருடங்களிலும் இப்பெண்கள் தமது கையில் இருந்ததை மறைக்காமல் எனக்குத் தந்தார்கள்.

என் இளைய மகள் இப்போது ஓலைக் கீற்றுகளில் காதணி செய்து பார்க்கிறாள். ஒரு மாதம் அது, அடுத்த மாதம் பழைய சேலைக் கரையில் பணப்பை. ஒன்றிலும் நிலைக்க மாட்டாள் என்று வீட்டார் அவளையும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் அவளுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். செய்த ஒவ்வொன்றையும் எப்படிச் செய்தாள், எவ்வளவு நேரம் சென்றது என்று அவள் எழுதி வைக்கிறாள். எது எதோடு எப்போது வந்து சேரும் என்று இப்போதே சொல்ல முடியாது.